உபகாரச் சம்பளமும் முன்பணமும்: காஞ்சியிலிருந்து ஒரு கலைக்கல்வி வரலாறு

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் வந்து சேர்கிற இடத்தில் திருமுக்கூடல் என்று ஓர் ஊர். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் பின்பாதி. 15 படுக்கைகளும் மருத்துவரும் மருந்துப் பட்டியலும் கொண்ட ஆதுலர்சாலையைப் பற்றிச் சொல்வதால் பழம்பெருமை பேசும் மேடைகளில் அதற்கு எப்போதும் ஓர் இடமுண்டு. அதே கல்வெட்டின் மற்ற வரிகளை அவ்வளவாக யாரும் மேடையேற்றுவதில்லை. கோயிலைச் சேர்ந்த பள்ளியில் வேதமும் வியாகரணமும் படிக்கிற பிள்ளைகளுக்குச் சோறு, படுக்கப் பாய், இரவில் விளக்கெரிக்க எண்ணெய், சனிக்கிழமை தலைமுழுக எண்ணெய் என்று நுணுக்கமான ஒதுக்கீடு அதில் இருக்கிறது. இன்றைய பாஷையில் சொன்னால் விடுதியோடு கூடிய முழு உதவித்தொகை. படிக்கிறவனுக்கு வயிறு உண்டு, தூக்கம் உண்டு, தலையில் சூடு ஏறும் என்பதையெல்லாம் ஒப்புக்கொண்ட ஆவணம்.

சரி, அந்தக் கோயிலின் தூணில் உளி வைத்தவனின் பிள்ளை எங்கே படித்தான்? அவனுக்குப் பாய் கொடுத்தது யார்? கல்வெட்டில் அது இல்லை. கண்ணால் பார்த்துக் கையால் செய்து கற்கிற கல்விக்கு (இன்று இதைக் காண்பியக் கலை என்கிறோம்) நம் பகுதியில் யார், எப்போது, என்ன நிபந்தனையின் பேரில் காசு கொடுத்தார்கள் என்று தேடப் போனால் முதலில் கிடைப்பது இந்த இல்லாமைதான். காசு போன வழியைப் பின்தொடர்ந்தால் 'கலைஞன்' என்கிற சொல் யாருக்குச் சேர்ந்தது, 'தொழிலாளி' என்கிற சொல் யார் தலையில் விழுந்தது என்பதும் கூடவே தெரியவரும். நம் கலை விமர்சகர்கள் கோட்டையும் வண்ணத்தையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். தூரிகை வாங்கக் காசு எங்கிருந்து வந்தது என்பது அவர்களுக்கு அழகியல் பிரச்சினையாகத் தோன்றவில்லை போலும்.

சொல்லைக் கற்பவனுக்குச் சோறு போடுவது என்பது திருமுக்கூடலில் மட்டும் நடந்ததல்ல. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னாலேயே காஞ்சியில் கடிகை இருந்தது. கதம்ப வம்சத்தைத் தொடங்கிவைத்த மயூரசர்மன் படிக்க வந்த இடம் அது என்று தாளகுண்டா கல்வெட்டு சொல்கிறது. விழுப்புரத்துப் பக்கம் எண்ணாயிரத்தில் முதலாம் ராஜேந்திரன் காலத்தில் 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு நெல் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். கைவேலைக்காரர்களுக்கு வேறு ஏற்பாடு. தஞ்சைப் பெரிய கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கும் அவர்களோடு நட்டுவர், தச்சர், கன்னார், தையல்காரர் முதலானவர்களுக்கும் ராஜராஜன் 'பங்கு' வைத்தான். ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். பங்குக்காரர் செத்துப்போனாலோ ஊரைவிட்டுப் போனாலோ அடுத்த முறைக்காரர் அந்தக் காணியைப் பெற்று வேலை செய்ய வேண்டும். முறைக்காரருக்கு யோக்கியதை இல்லையென்றால் யோக்கியதை உள்ள ஒருவரை அமர்த்திச் செய்விக்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையில் கொஞ்சம் நிற்க வேண்டும். 'யோக்கியதை' வேண்டும் என்கிறது அரசு. ஆனால் யோக்கியதை என்பது ஒருநாள் காலையில் எழுந்து வருகிற விஷயமில்லை. அதற்குப் பத்து வருஷம் பிடிக்கும். அந்தப் பத்து வருஷத்துக்கு நெல் இல்லை. அந்தச் செலவு முழுக்கக் குடும்பத்தின் கணக்கில், அதாவது சாதியின் கணக்கில் எழுதப்பட்டது. வேதம் படித்த பிள்ளை 'மாணவன்' என்று கல்வெட்டில் ஏறினான். உளி பிடிக்கக் கற்ற பிள்ளை 'முறைக்காரன்' ஆனபிறகுதான், அதுவும் பங்குக்காரனாகத்தான் ஏறினான். இடைப்பட்ட அவனுடைய மாணவப் பருவம் பதிவாகவே இல்லை. காணி முறை ஒருவகையில் பாதுகாப்பு என்பதை மறுக்க முடியாது. கைவேலைக்காரனுக்குச் சோற்றுக்கு உத்தரவாதம் இருந்தது. அதே உத்தரவாதம்தான் வேலியாகவும் இருந்தது. உள்ளே பிறந்தவன் வெளியே போக முடியாது. வெளியே பிறந்தவன் உள்ளே வர முடியாது. இன்றைக்கு 'குரு-சிஷ்ய பரம்பரை' என்று உருகுகிறவர்கள் இந்த இரண்டாவது பாதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

*

காலனியம் வந்தபோது கோயில் சொத்தின் ஒரு பகுதி பள்ளிக்கூடமாக மாறியது. இதற்குக் காஞ்சியோடு தொடர்புள்ள உதாரணமே இருக்கிறது. 1794இல் இறந்த பச்சையப்ப முதலியார் தன் சொத்தைக் கோயில் தருமங்களுக்கும் அன்னதானங்களுக்கும் எழுதிவைத்தார். பணம் பல கை மாறி, வழக்காகி, கடைசியில் நீதிமன்றத்தின் வழியாக மிச்சப் பணம் கல்விக்குத் திருப்பப்பட்டு 1842இல் சென்னையில் பச்சையப்பன் பள்ளி தொடங்கியது. கொஞ்ச காலத்தில் காஞ்சிபுரத்திலும் கிளை. தேவதானம் மாணவதானமாக மாறிய இந்தக் கதை முக்கியமானது. இல்லையென்றால் காஞ்சி நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்த அண்ணாதுரை அந்தப் பள்ளியிலும் பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் படித்திருக்க முடியுமா? அந்தப் படிப்பு இல்லாமல் திராவிட இயக்கத்தின் மேடைத்தமிழ் எப்படி இருந்திருக்கும்? ஆனால் அங்கே சொல்லிக் கொடுத்தது ஆங்கிலமும் கணக்கும். நெசவாளர் பிள்ளை தறியைவிட்டு எழுந்து வந்தால் அவனுக்கு உதவி உண்டு. தறியில் உட்கார்ந்தபடியே அவன் கற்றதற்கு அங்கே பெயரில்லை. திருமுக்கூடலில் வேதமும் வியாகரணமும் இருந்த இடத்தில் இங்கே ஆங்கிலம் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

கைக்கல்விக்கென்று தனியாக வந்தது சென்னைக் கலைப்பள்ளி. அலெக்சாண்டர் ஹண்டர் என்கிற மருத்துவர் 1850இல் சொந்த முயற்சியில் தொடங்கி, சில ஆண்டுகளுக்குள் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்றும் இருக்கிற அரசு கவின்கலைக் கல்லூரியின் தொடக்கம் இதுதான். ஓவியன் உருவாக வேண்டும் என்பதைவிட நல்ல கைவினைப் பொருள் உருவாக வேண்டும் என்பதே அதன் ஆரம்ப காலக் கவலை. பிறகு பொறுப்பேற்ற சிஷோம் கட்டடக் கலைஞர். 1884இல் வந்த ஹேவல் மாகாணம் முழுக்கச் சுற்றி நெசவு, உலோகவேலை முதலான கைத்தொழில்களைப் பற்றி அறிக்கைகள் எழுதினார். சேட்டர்டன் 1898இல் பள்ளிக்குள்ளேயே அலுமினியப் பாத்திரத் தயாரிப்பைத் தொடங்கிவிட்டார்! கலைப்பள்ளியா பட்டறையா என்கிற கேள்வி அன்றைக்கே இருந்தது. இந்தியாவின் கலைப்பள்ளிகள் யாருக்காக, கைவினைச் சாதிப் பிள்ளைகளுக்கா, மத்தியதர வர்க்கத்துக்கா என்று 1890களில் அதிகாரிகள் தங்களுக்குள் கடுமையாகவே விவாதித்துக்கொண்டார்கள். கைவினைச் சாதிப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் ஏதாவது கொடுக்காவிட்டால் வரமாட்டார்கள் என்பது அந்த விவாதத்தின் ஒரு சரடு. ஏன் வரமாட்டார்கள்? பட்டறையில் உட்கார்ந்தால் அந்தப் பையன் அன்றைக்கே ஏதோ சம்பாதிக்கிறான். பள்ளிக்கு வந்தால் அது போச்சு. உதவித்தொகை என்பது அவன் இழக்கும் கூலிக்கு ஈடு.

அந்தக் காலத்துத் தமிழில் இதற்கு இருந்த சொல் 'உபகாரச் சம்பளம்'. அந்தச் சொல்லைக் கொஞ்சம் உடைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. 'உபகாரம்' என்பது மேலேயிருந்து கீழே விழுகிறது; கொடுப்பவனின் கருணை. 'சம்பளம்' என்பது செய்த வேலைக்குக் கிடைப்பது. இரண்டும் ஒரே சொல்லுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. படிப்பதும் ஒரு வேலைதான், அதற்குச் சம்பளம் உண்டு என்கிற எண்ணம் அந்தச் சொல்லில் ஒளிந்திருந்தது. பிற்பாடு சுத்தத் தமிழாக்கி 'உதவித்தொகை' என்றோம். சம்பளம் போய்விட்டது. உபகாரம் மட்டும் தமிழுடை உடுத்திக்கொண்டு நிற்கிறது.

பரம்பரைக் கலைக்குடும்பத்திலிருந்து ஒருவன் உபகாரச் சம்பளத்தின் தயவில் 'கலைஞன்' ஆன கதைகளும் உண்டு. மைசூர் அரண்மனையின் சித்திரக்காரர் குடும்பத்தில் பிறந்த கே. வெங்கடப்பாவை 1909இல் மகாராஜா தன் செலவில் கல்கத்தா கலைப்பள்ளிக்கு அனுப்பினார். அங்கே அவர் அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றார். திரும்பி வந்தவர் அரண்மனைச் சித்திரக்காரராக மறுபடி அமரவில்லை. 'நவீன இந்திய ஓவியர்' என்கிற புதிய ஆளாக வந்தார்; பின்னாளில் வேலைக்கான பணம் தொடர்பாக அரண்மனையின் மேல் வழக்கே தொடர்ந்தார். முறைக்காரனுக்கும் மாணவனுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். முறைக்காரன் வழக்குப் போடுவது கடினம்.

*

இப்போது பிள்ளையார்பாளையத்துத் தெருக்களுக்குள் போக வேண்டும். இங்கேதான் கலைக்கல்விக்கு நம்மிடம் இருந்த இன்னொரு நிதி ஏற்பாடு இயங்கியது. அதை யாரும் கலைக்கல்வி என்று சொல்வதில்லை என்பதே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

காஞ்சிப் பட்டின் தனித்துவம் கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டும் தனித்தனிப் பாவு. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் ஒவ்வொன்று என மூன்று நாடாக்கள் ஓடும். ஒவ்வொரு ஊடையிலும் கரையின் நூலும் உடலின் நூலும் ஒன்றையொன்று பிடித்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு ஆளால் இது ஆகாது. நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கை வேண்டும். ஒருபக்கக் கரையின் நாடாவைத் தள்ளிவிட்டு வாங்குகிற அந்தக் கை பல தலைமுறைகளாகக் குழந்தையின் கையாக இருந்தது. முந்தியில் நிறம் மாறுகிறபோது பழைய பாவையும் புதிய பாவையும் இழையிழையாக இணைக்கிற வேலை இன்னும் நுணுக்கமானது. விரல் மெலிதாக இருந்தால் நல்லது என்பார்கள். அதாவது விரல் சிறியதாக இருந்தால்.

அந்தப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்திருக்கிற குழந்தை என்ன கற்றது? ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிறம் வந்தால் என்ன ஆகும் என்பதை. அரக்குக்கு மஸ்டர்டு எடுக்குமா, கிளிப்பச்சைக்கு எந்தக் கரை என்பதை. மயில்கண், ருத்ராட்சம், கோபுரம், தாழம்பூ, வைரஊசி, அன்னம், யாளி என்று ஒரு முழு உருவ அகராதியை. அந்த உருவம் எத்தனை இழைக்கு ஒருமுறை திரும்ப வரும் என்கிற கணக்கை. ஜக்கார்டு பெட்டி வருவதற்கு முன்னால் 'அடை' கட்டித்தான் பூ எடுத்தார்கள். உருவத்தை நூல்கட்டுகளாக மொழிபெயர்த்து வைக்கிற முறை அது. பிற்பாடு கிராப் தாளும் அட்டை குத்துவதும் வந்தன. கிராப் தாளில் ஒரு யாளியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போடுகிறவர் செய்கிற காரியத்தை நவீன ஓவியத்தின் அடிப்படைப் பயிற்சிகளில் ஒன்றாக எந்தக் கலைக்கல்லூரியிலும் சொல்லிக் கொடுக்கலாம். வடிவமைப்பு, வண்ணக் கோட்பாடு, கருவிப் பயிற்சி, முழுநேர வகுப்பு எல்லாம் இருக்கிறது; கல்லூரி என்கிற பலகைதான் இல்லை.

இந்தக் கல்லூரியின் நிதி ஏற்பாட்டுக்குப் பெயர் முன்பணம். முதலாளி தறிக்காரருக்கு முன்பணம் கொடுப்பார். தறிக்காரர், துணைக்கு வருகிற குழந்தையின் அப்பா அம்மாவுக்கு முன்பணம் கொடுப்பார். கல்யாணம், மருத்துவம், பஞ்சம் என ஏதோ ஒரு முட்டுக்கு வாங்கிய காசு. குழந்தை தறிக்கு வரும். கடன் தீரும்வரை வரும். கூலி மிகக் குறைவாக இருப்பதால் கடன் தீராது. வேறு தறிக்குப் போக வேண்டுமென்றால் புதுத் தறிக்காரர் பழைய கடனை அடைக்க வேண்டும்; கடன் மட்டும் கைமாறும். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இதைப் பற்றி 1996இல் எழுதியது. 2003இல் பட்டுத் தொழிலைப் பற்றியே தனி அறிக்கை வெளியிட்டது, அதில் காஞ்சிபுரம் முக்கிய இடம். இப்படிக் கட்டுண்ட குழந்தைகளில் பெரும்பான்மையோர் தலித்துகள் என்றது அந்த அறிக்கை. தறி ஒரு சாதியின் வீட்டில் இருந்தது. தறிக்குப் பக்கத்து இடம் இன்னொரு சாதியின் குழந்தைக்கு. செங்குந்தர், பத்மசாலியர், சௌராஷ்டிரர் வீட்டுப் பிள்ளை அங்கே உட்கார்ந்தால் நாளைக்குத் தறிக்காரர் ஆவான். சேரியிலிருந்து வந்த பிள்ளைக்கு அந்தப் பாடத்திட்டத்தில் அடுத்த வகுப்பு கிடையாது. அதே விரல், அதே நிறம், அதே கணக்குதான். ஆனால் கற்றது அவன் பெயரில் சேரவில்லை.

உதவித்தொகையும் ஒரு கட்டுதானே என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். 1913இல் அம்பேத்கரை கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய பரோடா மன்னர், படிப்பு முடிந்தபின் பத்து வருஷம் சமஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டார். ஆனால் படித்தவரையே அது கட்டியது. கட்டு போட்டபோது அவர் வயதுவந்த பட்டதாரி. படிப்பு அவருடையதாகவே இருந்தது. முன்பணம் அப்பனின் கடனுக்குப் பிள்ளையைக் கட்டுகிறது, அவன் கற்கிற கல்வியையும் சேர்த்து அடகு வாங்கிக்கொள்கிறது. அம்பேத்கர் 1942இல் வைஸ்ராயின் கவுன்சிலில் சேர்ந்தபின் கொடுத்த மனுவின் விளைவாகத்தான் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை 1944இல் தொடங்கியது. அவர் அதில் விஞ்ஞானத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும்தான் அழுத்தம் கொடுத்தார். கூலி கொடுக்கப்படாத கைவேலையில் சிக்கவைக்கப்பட்ட மக்களைத் திரும்பக் கைவேலைக்கே அனுப்பிவிடுவார்களோ என்று நியாயமாகவே அஞ்ச வேண்டிய காலம் அது. ராஜாஜியின் 1953ஆம் வருஷத்து ஆரம்பக் கல்வித் திட்டத்தைத் தமிழ்நாடு 'குலக்கல்வி' என்று சொல்லித் தூக்கியெறிந்ததும் இதே அச்சத்தால்தான். அந்த எறிதல் சரியானது. அதன் ஒரு பக்கவிளைவாக, கைக்கல்வி என்றாலே சாதித் தொழில் என்று நம் முற்போக்காளர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் சொல்ல வேண்டும். அந்த இடத்தைக் கலாச்சாரப் பாதுகாவலர்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள்.

1986ஆம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவைத் தடைசெய்யப்பட்ட பட்டியலில் சேர்த்தது. ஒரு விதிவிலக்கும் வைத்தது: குடும்பத்தார் துணையோடு நடக்கும் பட்டறைக்கும் அரசு அங்கீகரித்த பள்ளிக்கும் தடை பொருந்தாது. குடும்பமும் பள்ளியும் ஒரே வாக்கியத்தில்! குடும்பத்தைப் பள்ளியாகப் பார்க்கச் சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது, வேலை வாங்குகிறபோது மட்டும். 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளில், தறியிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைக்கு நீண்ட காலம் மாதம் 100 ரூபாய் கொடுத்தார்கள். பழைய உபகாரச் சம்பளம்தான், இழந்த கூலிக்கு ஈடு. அந்தப் பள்ளிகளால் பல குழந்தைகள் தறியைவிட்டு வெளியே வந்தார்கள் என்பது உண்மை. அதற்குப் பின்னால் அமைப்புகளின், தனிமனிதர்களின் பெரும் உழைப்பு இருக்கிறது. ஆனால் அந்தக் குழந்தை கையில் கொண்டுவந்த கல்வியை என்ன செய்வது என்று அங்கே யாருக்கும் கவலை இல்லை. மீட்பு என்றால் மறக்கவைப்பது. 2016இல் சட்டத்தைத் திருத்தியபோது 14 வயதுக்குக் கீழே எல்லா வேலையும் தடை என்றார்கள், விலக்கு இரண்டு. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம். சினிமா, டிவி, விளம்பரங்களில் 'கலைஞராக' நடிக்கலாம். பட்டுப்புடவை விளம்பரத்தில் சிரிக்கிற குழந்தை சட்டப்படி கலைஞர். புடவை நெய்கிற இடத்தில் இருக்கிற குழந்தை உதவியாள்.

*

எதிர்த்திசையில் என்ன நடந்தது? 1929 வாக்கில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி சென்னைக் கலைப்பள்ளியின் முதல் இந்தியத் தலைவராக வந்தார். பட்டறை பின்னுக்குப் போய் ஓவியமும் சிற்பமும் முன்னுக்கு வந்தன. 1957இல் பொறுப்பேற்ற கே.சி.எஸ். பணிக்கர் மறுபடியும் கைவினைப் பக்கம் மாணவர்களைத் திருப்பினார். அவருக்கு அழகியல் காரணமும் இருந்தது, வயிற்றுக் காரணமும் இருந்தது. படித்து முடித்த பையன்கள் சோற்றுக்கு என்ன செய்வார்கள்? படம் விற்கிற ஊரா சென்னை? பாத்திக் முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி 1966இல் சோழமண்டலம் உருவானது. அரசு உதவித்தொகையை நம்பாமல் ஓவியர்கள் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொண்ட உதவித்தொகை என்று அதைச் சொல்லலாம். கவனியுங்கள்: ஓவியனைக் காப்பாற்றியது துணியும் மெழுகும் சாயமும். கைவினை வந்து கலைக்குச் சோறு போட்டது. அப்படியும் எல்லோரும் தப்பிக்கவில்லை, கே. ராமானுஜம் 1973இல் தன்னை மாய்த்துக்கொண்டார்.

இதைவிடப் பெரிய, யாரும் பேசாத உதவித்தொகை ஒன்று உண்டு. 1956 முதல் கைத்தறி வாரியம், புபுல் ஜயகரின் முன்முயற்சியில், நெசவாளர் சேவை மையங்களை அமைத்தது. நெசவாளருக்குப் புது வடிவமைப்புகள் தருவதற்காக ஓவியர்களை வேலைக்கு அமர்த்தினார்கள். பிரபாகர் பர்வே காசியில் இருந்தார். பிரெஞ்சு அரசின் உதவித்தொகையில் 1965இல் பாரிஸ் போய்த் திரும்பிய ஜோகன் சௌத்ரி 1968 முதல் 1972 வரை சென்னையில் கைத்தறி வடிவமைப்பாளராக வேலை பார்த்தார். ரெட்டப்ப நாயுடு அங்கே இருந்தார். நம் சிறுபத்திரிகைகளின் அட்டைகளையும் எழுத்துருக்களையும் கோடுகளையும் உருவாக்கித் தந்த ஆதிமூலமும் இந்த மையத்தில் வேலை பார்த்தவர்தான். துறையூர்ப் பக்கம் கீராம்பூரிலிருந்து சென்னை வந்து, சிற்பி தனபாலின் ஆதரவோடு கலைப்பள்ளியில் சேர்ந்து, 1966இல் படிப்பை முடித்தவர். சிறுபத்திரிகைகள் ஓவியருக்குக் காசு கொடுக்கிற ஜாதி இல்லை என்பது நமக்கே தெரியும். அவருடைய மாதச் சம்பளம் எந்தத் தலைப்பின் கீழ் வந்தது என்று நாம் கேட்டதில்லை. அது நெசவாளர் நலன் என்கிற தலைப்பின் கீழ் வந்தது.

இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அரசு தன்னையறியாமல் செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று. இந்திய நவீன ஓவியத்தின் ஒரு தலைமுறையே கைத்தறியின் கணக்கில் வாழ்ந்திருக்கிறது. தறியின் கட்டமும் வண்ணமும் அவர்கள் கான்வாஸுக்குள் போயிருக்கின்றன. கேள்வி, பாலம் ஒருபக்கம் மட்டும் ஏன் கட்டப்பட்டது என்பதுதான். ஓவியன் தறிக்குப் போக அரசாங்க உத்தியோகம் இருந்தது. தறிக்காரரின் பிள்ளை ஓவியப் பள்ளிக்கு வர அந்த வாரியத்தில் ஓர் ஏற்பாடு இல்லை. 1960இல் சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் வந்தது. நெசவாளர் பிள்ளைகள் பலர் அங்கே படித்து அதிகாரிகளானார்கள். நூல் எண், சாய வேதியியல், தறி இயந்திரவியல் எல்லாம் அங்கே உண்டு. அவன் அம்மா கண்டுபிடித்த நிறச்சேர்க்கைக்கு அங்கே கையெழுத்துப் போட இடமில்லை. 2005இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோதும் அதே கதைதான்: ஊருக்குப் பெயர் கிடைத்தது, ஆளுக்குக் கிடைக்கவில்லை.

*

நெசவாளர் குழந்தைகளுக்கான கல்வி உதவி என்று வந்தவற்றைப் பார்த்தால் அதன் உள்நோக்கு தெளிவாகத் தெரிகிறது. மகாத்மா காந்தி நெசவாளர் காப்பீட்டுத் திட்டத்தோடு சேர்த்து 9 முதல் 12 வரை படிக்கிற பிள்ளைகளுக்கு, குடும்பத்துக்கு இருவர் வரை, மூன்று மாதத்துக்கு 300 ரூபாய் கொடுத்தார்கள். கல்லூரி வாசலில் அது நின்றுவிட்டது. பிற்பாடு 2021-22 முதல் 2025-26 வரையிலான தேசியக் கைத்தறி மேம்பாட்டுத் திட்டத்தில் கல்லூரிப் படிப்புக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை, அதில் மாதம் 5,000 ரூபாய் செலவுப்பணம் உட்பட, என்று அறிவித்தார்கள். தொகை பரவாயில்லை. ஆனால் அரசு நிதியில் நடக்கும் ஜவுளிக் கல்வி நிறுவனங்களில் படித்தால் மட்டும்! நெசவாளர் மகள் சிற்பம் படிக்க விரும்பினால், அச்சுக்கலை படிக்க விரும்பினால், இந்தக் காசு அவளுக்கு இல்லை. ராஜராஜன் வைத்த முறைக்காரர் நிபந்தனை ஆயிரம் வருஷம் கழித்து வேறு வடிவத்தில் வந்து நிற்கிறது.

கலைத்துறைக்கென்று இருக்கிற உதவிகளின் கதை வேறு. கலாச்சார வளங்கள் பயிற்சி மையம் 1982 முதல் 10 வயதிலிருந்து 14 வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்குத் திறன் தேடல் உதவித்தொகை கொடுத்துவருகிறது. அதன் 650 இடங்களில் 125 இடங்கள் மரபுக்கலைக் குடும்பத்துக் குழந்தைகளுக்கு என்று ஒதுக்கியிருப்பது நல்ல விஷயம். 'முறைக்காரன்' முதல்முறையாக 'மாணவன்' என்று ஏட்டில் ஏறுகிறான். 18 முதல் 25 வயதுவரை உள்ள இளம் கலைஞர்களுக்கு மத்திய கலாச்சார அமைச்சகத்தின் இரண்டாண்டு உதவித்தொகை, மாதம் 5,000 ரூபாய். இதற்கு விண்ணப்பிக்கிறவர் ஏற்கெனவே சில வருஷம் ஒரு குருவிடம் பயின்றிருக்க வேண்டும், தன் வேலையைக் காட்ட வேண்டும். நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால் காட்டுவதற்கு வேலை இருக்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் தாள், வண்ணம், கான்வாஸ், வீட்டில் ஒரு மூலை, யாரும் கூப்பிடாத இரண்டு மணிநேரம் இதெல்லாம் இருந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு அரசுக் கவின்கலைக் கல்லூரிகளில், சென்னையிலும் கும்பகோணத்திலும், மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியிலும் கட்டணம் குறைவு. நம் உதவித்தொகைத் திட்டங்களின் கற்பனை இந்தக் கட்டணத்தோடு முடிந்துவிடுகிறது. கலைப் படிப்பில் கட்டணம் சில்லறை, பொருள்தான் செலவு. பொருளாதாரம் படிக்கிற பையன் நூலகப் புத்தகத்தை வைத்து மூன்று வருஷம் ஓட்டிவிடலாம். ஓவியம் படிக்கிறவன் வண்ணக் குழாயை நூலகத்தில் இரவல் வாங்க முடியாது. கையில் காசில்லாதவன் சின்னதாக வரைவான், கறுப்பு மையில் வரைவான், வெண்கலத்துக்குப் பதில் களிமண்ணில் நிறுத்திக்கொள்வான். பிறகு விமர்சகர் வந்து அதை 'சிக்கனமான அழகியல்' என்று எழுதுவார். 2022இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டமும் 2024இல் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்தன. மாதம் 1,000 ரூபாய் நேரே மாணவர் கணக்குக்குப் போகிறது, எதற்குச் செலவழித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. கலை மாணவர்களைப் பொறுத்தவரை இந்தக் கேட்காமை பெரிது. அந்த ஆயிரத்தில் தூரிகையும் வாங்கலாம், பஸ்ஸுக்கும் கொடுக்கலாம். திருமுக்கூடல் பிள்ளைக்குக் கொடுத்த எண்ணெயும் பாயும் மாதிரி.

சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் ஜவுளி வடிவமைப்பு ஒரு பட்டப்படிப்பு. சேர்க்கைக்குத் திறனறி தேர்வு உண்டு. பொருளை எதிரில் வைத்துப் பார்த்து வரைவதும் நினைவிலிருந்து வரைவதும் அந்தத் தேர்வின் மரபு. கட்டம் பிரித்து ஒரு அன்னத்தைத் தாளில் ஏற்றச் சொன்னால், இத்தனை இழைக்கு ஒருமுறை திரும்புமாறு கரை போடச் சொன்னால், நிழலும் வெளிச்சமும் போடத் தெரியாத ஒரு பிள்ளை அங்கே முதலாவதாக வரக்கூடும். இப்படி ஒரு கேள்வியைத் தேர்வில் சேர்க்க ஒரு காசு செலவில்லை. நெசவாளர் திட்டத்தில் 'ஜவுளிக் கல்வி நிறுவனங்கள்' என்கிற சொற்களுக்குப் பக்கத்தில் 'கவின்கலைக் கல்லூரிகள்' என்று இரண்டு சொற்களைச் சேர்க்கவும் பெரிய புரட்சி தேவைப்படாது. கைத்தறி அமைப்புகளும் தலித் மாணவர் அமைப்புகளும் சேர்ந்து கேட்டால் கேட்கக்கூடிய கோரிக்கை இது. தறிக்குப் பக்கத்தில் துணைக்கு உட்கார்ந்த பிள்ளைகளின் வாரிசுகளுக்கும் இது பொருந்த வேண்டும் என்பதை எழுதும்போதே எழுதிவிட வேண்டும். 'நெசவாளர் குழந்தை' என்றால் தறி யார் பெயரில் இருக்கிறதோ அவர் குழந்தை என்றுதான் அடையாள அட்டை சொல்லும்.

பிள்ளையார்பாளையத்தைத் தாண்டினால் கைலாசநாதர் கோயில். அதன் சிற்றாலயங்களின் உட்சுவர்களில் பல்லவர் காலத்து ஓவியங்களின் மிச்சம் இருப்பதை 1931இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ-துப்ரேய் கண்டு சொன்னார். கலைக் கல்லூரி மாணவர்கள் அதைப் பார்த்து வரைவதற்காகப் பலகையும் தாளுமாக வருகிறார்கள். பஸ்ஸைவிட்டு இறங்கி அவர்கள் நடக்கிற தெருக்களில் தறிச் சத்தம் முன்னைவிடக் குறைவு, ஆனால் கேட்கிறது.